கம்ப்ரஷன் டிரைவருக்குப் புது டயஃப்ரம் போட்டும் உரசல் நிற்கவில்லை

ஜூன் 4, ஒரு வாசகர் கேட்டது

அண்ணா, ஹார்ன் ஸ்பீக்கரின் பின்னால் பூட்டும் பழைய கம்ப்ரஷன் டிரைவர் ஒரு ஜோடி கைக்கு வந்தது, ஆல்னிகோ காந்தம். ஒரு அங்குல வாய், 16 ஓம். ஒன்றில் டயஃப்ரம், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோகக் குவிமாடம், கிழிந்திருந்தது, புதிது வாங்கிப் போட்டேன். குரல் கீழே இறங்கும்போதெல்லாம் காகிதத்தை நகத்தால் தேய்ப்பது போல ஒரு சத்தம் கூடவே வருகிறது. வூஃபருக்குக் கூம்பு மாற்றும்போது காயிலுக்குள் ஃபிலிம் துண்டுகளைச் சொருகி மையம் பார்ப்பேன். இதற்கும் அப்படிச் செய்யலாமா? இல்லை, வாங்கிய டயஃப்ரமே மட்டமானதா?

ஜூன் 4, இரவு

ஃபிலிம் துண்டு இங்கே உதவாது. வூஃபரில் தூசி மூடியை எடுத்துவிட்டால் காயிலின் உட்பக்கம் தெரியும். காயிலுக்கு நடுவில் நிற்கும் காந்த முனையான போல் பீஸுக்கும் காயிலுக்கும் நடுவே எதை வேண்டுமானாலும் சொருகலாம். கம்ப்ரஷன் டிரைவரில் குவிமாடமும் காயிலும் ஓர மடிப்பும் சேர்ந்து ஒரே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. குவிமாடத்தின் குழிந்த பக்கத்தை ஒட்டி, அரை மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோ தள்ளி, ஒலியைத் தொண்டைக்குக் கொண்டுபோகும் பிளவுகள் உள்ள ஃபேஸ் பிளக் நிற்கிறது. வெளிப்பக்கம் ஓர மடிப்பு, காயில் ஓடும் காந்த இடுக்கை மறைத்துவிடுகிறது. உட்கார வைத்த பிறகு காயில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வழி இல்லை. காதால்தான் பார்க்க வேண்டும்.

டயஃப்ரத்தைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பின்மூடியைக் கழற்றுங்கள். டயஃப்ரம் வளையத்தின் திருகுகள் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். முழுக்க எடுக்க வேண்டாம், தலை வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். ஆம்பிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை, ஒரு வோல்ட்டுக்கு மேல் போகாமல் கொடுங்கள். ஒரு மரக்குச்சியால் வளையத்தின் விளிம்பை மெல்லத் தள்ளுங்கள். சுரம் எங்கே சுத்தமாகிறதோ அங்கே நிறுத்தி, எதிரெதிர் திருகுகளாகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போதே வளையம் நகரும், அதனால் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் காது கொடுங்கள்.

சில மாடல்களில் வளையத்தைப் பிடித்து நிறுத்த மேல் தகட்டில் இரண்டு ஊசிகள் இருக்கும். உங்களுடையது அந்த வகை என்றால் தள்ளுவதற்கு இடமே இருக்காது. அப்படியா என்று சொல்லுங்கள்.

ஜூன் 5

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது முக்கியமான ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தது. இடுக்கைத் துடைத்தீர்களா? கிழிந்த டயஃப்ரம் என்றால் பெரும்பாலும் அலுமினியச் சிதறலும் காயிலின் வார்னிஷ் பொடியும் உள்ளே விழுந்திருக்கும். அதைவிட மோசம் இரும்புத் துகள். காந்த இடுக்கின் ஓரத்தில் அது மயிர் போல எழுந்து நிற்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு ஒரு விசிட்டிங் கார்டு துண்டின் மேல் மடித்து, இடுக்கில் இறக்கி, சுற்றி வாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு. மூன்று துண்டு போதும்.

காற்று அடிக்காதீர்கள். காற்றுக்கு இரும்புத் துகள் வெளியே வராது, இடுக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் டிரைவரைத் திருப்பி வைக்கும்போது மேலே ஏறி வரும்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

திருப்புளி விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். கையில் இருப்பது இரும்புத் திருப்புளி என்றால் அதோடு டயஃப்ரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பல வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு டிரைவர், வேலை எல்லாம் முடிந்துவிட்டது, கடைசித் திருகு. திருகின் தலையிலிருந்து முனையை எடுத்த கணம் காந்தம் அதைப் பக்கவாட்டில் இழுத்தது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். குவிமாடத்தில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த அலுமினியத்தின் தடிமன் சுமார் 50 மைக்ரான். அது என்ன தாங்கும்? அசல் டயஃப்ரம், அதைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்கவே இல்லை.

பித்தளைத் திருப்புளி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குவிமாடத்தை மூடும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு திருகுங்கள். நான் இன்றைக்கும் பித்தளைத் திருப்புளி, கிண்ணம் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 8

ஊசி இல்லாத வகை, டேப்பில் கரும்பொடி நிறைய வந்தது, சுரம் கொடுத்தால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டுப் போட்டால் உரசல் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை என்னுடையது. 1000 ஹெர்ட்ஸ் சொன்னது தவறு.

ஹார்னோடு பூட்டிய டிரைவரில் சத்தத்தின் அளவு மாறாமல் அதிர்வெண் பாதியானால் டயஃப்ரம் இரண்டு மடங்கு தூரம் நகர வேண்டும். 1000-இல் காயில் மிகக் கொஞ்சமாகத்தான் ஆடுகிறது, உரசும் இடம் வரை அது போவதே இல்லை. 500-க்கு இறக்குங்கள். ஒரு அங்குல வாய் டிரைவர்களில் பலவற்றுக்கு ஒத்ததிர்வு, அதாவது டயஃப்ரம் தானாகவே அதிகம் ஆடும் அதிர்வெண், அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், காயில் நன்றாக ஆடும். ஆனால் ஒரு வோல்ட்டைத் தாண்டாதீர்கள். ஹார்ன் இல்லாத டயஃப்ரத்துக்குக் காற்றின் பிடிப்பு கிடையாது, அளவுக்கு மீறி ஆடி ஃபேஸ் பிளக்கில் போய் இடிக்கும்.

ஒரே அதிர்வெண்ணில் நிற்கவும் வேண்டாம். 400-இலிருந்து 1500 வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உரசல் ஒரு குறுகிய இடத்தில் மட்டும் தலை காட்டிவிட்டு மறையும். காது அதைப் பிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். சுத்தமான சைன் அலை புல்லாங்குழல் மாதிரி. உரசல் சேர்ந்தால் அதன் மேல் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று ஏறும்.

இன்னொன்று. டிரைவரை மேஜை மேல் வாய் கீழே இருக்க அப்படியே வைத்தால் தொண்டை அடைபடும். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து டயஃப்ரத்தை ஆடவிடாது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள், வாய் திறந்திருக்கட்டும்.

ஜூன் 8, இரவு

‘சுத்தமாகும் இடத்தில் நிறுத்து’ என்று முதல் நாள் சொன்னதும் பாதிதான் சரி. சுத்தமாகும் இடம் ஒரு புள்ளி இல்லை, ஒரு சின்னப் பரப்பு. அதன் ஓரத்தில் நிறுத்தினாலும் இன்றைக்குச் சுத்தமாகத்தான் கேட்கும்.

இப்படிச் செய்யுங்கள். வளையத்தை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள், உரசல் ஆரம்பிக்கும் இடத்தில் வளையத்திலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல் பென்சிலால் ஒரு கோடு. பிறகு வலப்பக்கம், அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதே மாதிரி மேல் கீழ். கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு, மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதனால் கூரான பென்சில் வேண்டும்.

நடு ஏன் அவ்வளவு முக்கியம்? காயில் சூடாகும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு விரியும். 44 மி.மீ. விட்டமுள்ள காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் விட்டம் 0.1 மி.மீ. பெருக்கும், ஒவ்வொரு பக்கமும் 0.05. நான்கு அங்குலக் காயில் என்றால் அதே சூட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 0.1-ஐத் தாண்டும். காயிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மொத்த இடமே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு. ஓரமாக நிறுத்தியது குளிரில் உரசாது. அரை மணி நேரம் ஓட்டினால் உரச ஆரம்பிக்கும். ‘நேற்று நன்றாக இருந்தது, இன்று கெட்டுவிட்டது’ என்று வரும் டிரைவர்களில் சிலவற்றின் கதை இதுதான்.

ஜூன் 9

இவ்வளவு சின்ன இடத்தில் எதற்காகக் காயிலை ஓடவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்விக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன்.

இந்த வடிவத்தின் வேர் அமெரிக்காவில், பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. பேசும்படம் வந்த காலம். 1926-இல் அங்கிருந்த வென்ட், துராஸ் என்ற இருவர் உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற டிரைவர். அன்றைய ஆம்ப்ளிஃபையர்கள் கொடுத்தது சில வாட். அதை வைத்து ஒரு முழுத் திரையரங்கை நிரப்ப வேண்டும். அதனால் கிடைக்கும் மின்சக்தியில் ஒரு துளியும் வீணாகாமல் ஒலியாக்க வேண்டியிருந்தது. இடுக்கு குறுகக் குறுகக் காந்தப் புலம் அடர்த்தியாகும். அந்த இடுக்கையும் முழுக்க உலோகத்தால் நிரப்ப வேண்டும். வட்டக் கம்பி சுற்றினால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இடம் வீணாகிறது. அவர்கள் தட்டையான அலுமினிய நாடாவை விளிம்பு நிற்கும்படி, சுருள் படிக்கட்டு மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினார்கள். அந்த வேலையை 1928-இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் எழுதினார்கள். ஃபேஸ் பிளக்கும் அங்கிருந்து வந்ததுதான். டயஃப்ரத்தின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கிளம்பும் ஒலி தொண்டைக்கு வந்து சேரும் நேரம் வேறுபட்டால் உச்ச அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வளையப் பிளவுகள். 1953-இல் பாப் ஸ்மித் என்ற ஆய்வாளர் அந்தப் பிளவுகளை எந்த இடத்தில் எவ்வளவு அகலத்தில் வைக்க வேண்டும் என்று கணக்காகவே எழுதி வைத்தார்.

ஆல்டெக், ஜேபிஎல் என்ற இரண்டு நிறுவனங்களின் பழைய டிரைவர்களைத் திறந்து பாருங்கள், தட்டைக் கம்பிக் காயில் அப்படியே இருக்கும். நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கும் வளையத்துக்கு அடியில் நிற்பது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் எடுத்த ஒரு முடிவு. எனக்கு அதைத் தொடும்போதெல்லாம் ஒரு மரியாதை வரும்.

ஜூன் 12

‘நடுவில் நிறுத்தினேன், சுத்தம். இறுக்கினேன், உரசல். தளர்த்தினேன், சுத்தம்.’

உங்கள் இந்த மூன்று வரியைப் படித்தவுடன் எனக்குப் பழைய ஒரு வாரம் ஞாபகம் வந்தது. இதே நிலையில் நான் ஏழு நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு இரவும் சுரத்தைப் போட்டுவிட்டு வளையத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். டயஃப்ரத்தைத் திருப்பி அனுப்பக்கூடக் கட்டிவிட்டேன். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று கழற்றி, வளையம் உட்காரும் தகட்டை நகத்தால் சுற்றி வருடினேன். ஒரு இடத்தில் நகம் தட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன், பழுப்பாக ஒரு தீற்றல் வந்தது. பின்மூடிக்குள் இருந்த பழைய ஃபோம் உதிர்ந்து, பிசினாகி, தகட்டில் ஒரு துளி காய்ந்து கிடந்திருக்கிறது.

அதன் மேல் வளையத்தை இறுக்கினால் என்ன ஆகும்? வளையம் மெல்லியது, அந்த இடத்தில் வளையும். வளையம் வளைந்தால் ஓர மடிப்பு ஒரு பக்கம் மட்டும் இழுபடும், காயில் வட்டம் கலைந்து நிற்கும். திருகு தளர்ந்திருக்கும்போது வளையம் வளைய வேண்டிய அவசியமே இல்லை, அதனால் சுத்தமாகக் கேட்கும்.

ஆகவே தளர்வாக இருக்கும்போதும் உரசினால் மையத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் இடுக்கில் அழுக்கு. இறுக்கும்போது மட்டும் உரசினால் வளையத்துக்கு அடியில் பாருங்கள். எந்தத் திருகை இறுக்கும்போது உரசல் வருகிறதோ அந்தத் திருகுக்குப் பக்கத்தில் முதலில் பாருங்கள்.

தேய்ப்பதற்கு உப்புத்தாள் எடுக்காதீர்கள். அந்தப் பொடியே அடுத்த வியாதி. ஆல்கஹாலும் மரக்குச்சியும் போதும். தேய்க்கும் நேரம் முழுக்க இடுக்கின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி மூடி வையுங்கள்.

ஜூன் 12, இரவு

‘மூன்று துண்டு டேப் போதும்’ என்று எழுதியதையும் திருத்துகிறேன். இன்று என்னிடம் வேறு ஒரு டிரைவர் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். பதினோராவது துண்டில்தான் டேப் வெள்ளையாக வந்தது. எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். டேப் வெள்ளையாக வரும்வரை.

ஜூன் 13

காந்தத்தையும் கழற்றி நன்றாகத் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். டயஃப்ரம் திருகுகள் சின்னவை. மேல் தகட்டைக் காந்தத்தோடு பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளில் கை வைக்காதீர்கள். ஆல்னிகோ தன் இரும்புச் சுற்றை விட்டுப் பிரிந்த உடனே பலத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மறுபடி பூட்டினாலும் திரும்பி வராது, காந்தமேற்றும் இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும். அதோடு இடுக்கின் மையமே கலையும், அது டயஃப்ரத்தை நகர்த்திச் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை.

ஜூன் 17

தகட்டில் இரண்டு இடத்தில் பிசின் இருந்தது, எடுத்தபின் இறுக்கினாலும் சுத்தம். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அடுத்த வரி: ‘பின்மூடியைப் போட்டால் மறுபடி சத்தம், ஆனால் இது வேறு மாதிரிச் சத்தம்.’

வேறு மாதிரி என்று நீங்களே பிரித்துச் சொன்னது பெரிய விஷயம். இந்த டிரைவர்களில் சத்தத்துக்கு மூன்று நான்கு முகங்கள் உண்டு. இடுக்கில் காயில் உரசினால் குறைந்த ஒலியிலேயே ‘ஸ்ஸ்’ என்று விடாமல் வரும். குவிமாடம் ஃபேஸ் பிளக்கைத் தொட்டால் ஒரு அளவு ஒலி வரை ஒன்றும் இருக்காது, அதைத் தாண்டியதும் ‘டக டக’ என்று திடீரென ஆரம்பிக்கும். வேறு உயரத்தில் செய்த டயஃப்ரம், அல்லது கழற்றும்போது வளையத்துக்கு அடியில் இருந்த மெல்லிய இடைவளையத்தைத் தூக்கிப்போட்டது, இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். காயிலிலிருந்து வரும் கம்பி எதையாவது தொட்டால் ஒரே ஒரு அதிர்வெண்ணில் கொசு மாதிரிப் பாடும்.

மூடி போட்டால் மட்டும் வருகிறது என்றால் மூடிதான். உள்ளே ஃபோம் புதிதாக வெட்டி வைத்தீர்களா? எவ்வளவு தடிமன்?

ஜூன் 18

பழையதன் தடிமன் தெரியாததால் கையில் இருந்த ஃபோமை மூடி நிறைய வைத்ததாகச் சொல்கிறீர்கள். நடு உச்சியில் குவிமாடத்தைத் தொடுகிறது, சந்தேகமே இல்லை. ஃபோமின் மேல் சாக்பீஸ் பொடியை மெல்லத் தடவி, மூடியைப் போட்டு, திறந்து பாருங்கள் என்று எழுத ஆரம்பித்தேன், உடனே அழித்தேன். அந்தப் பொடி இடுக்கில் விழும். வேறு வழி: மூடியின் விளிம்பிலிருந்து ஃபோமின் மேல்பரப்பு எவ்வளவு ஆழம் என்று அளவுகோலை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். மூடி உட்காரும் மட்டத்துக்கு மேல் குவிமாடம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைத் தொடாமல் பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

அந்த மூடிக்குள் இருக்கும் காற்றும் டிரைவரின் ஒரு உறுப்புதான். அது குறைந்தால் டயஃப்ரத்தின் ஒத்ததிர்வு மேலே போகும், கீழ்ப்பக்கம் மெலியும். ஜோடியில் இரண்டுக்கும் ஒரே தடிமனில் வெட்டுங்கள். பழைய ஃபோம் உதிரும் நிலையில் இருந்தால் கிழியாத டயஃப்ரம் உள்ள டிரைவரிலும் உடனே மாற்றிவிடுங்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விடாதீர்கள்.

ஜூன் 21

சத்தம் போய்விட்டது. மிக்க சந்தோஷம்.

இப்போது ஜோடியைப் பற்றி. ஒன்றில் பழைய அலுமினியம், ஒன்றில் புது டைட்டானியம் என்று இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள். ஓடும், உடையாது. ஆனால் மேல் ஸ்தாயியில் இரண்டும் ஒரே குரலில் பேசாது. டைட்டானியம் கடினமானது, அதனால் உச்ச அதிர்வெண் வரை வடிவம் கலையாமல் அதிரும் என்று பலர் சொல்வார்கள். எடைக்கு எவ்வளவு விறைப்பு என்று பார்த்தால் அலுமினியமும் டைட்டானியமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் ஒலி நொடிக்கு 5000 மீட்டர் அளவில் ஓடுகிறது. டைட்டானியத்தின் பலம் அதன் சகிப்புத்தன்மை. ஆயிரக்கணக்கான மணி நேரம் மடங்கி நிமிர்ந்தாலும் அலுமினியம் போல விரிசல் விடாது. அதற்குப் பதிலாக உச்சத்தில் கொஞ்சம் மணியடிக்கும். பெரிலியத்தில் ஒலி நொடிக்கு 12,000 மீட்டருக்கும் மேல் ஓடும், டாட் (TAD) நிறுவனம் அதை வைத்துப் பேர் வாங்கியது. அந்த வகை உடைந்து கைக்கு வந்தால் தேய்க்கவோ ஊதவோ செய்யாதீர்கள். அந்தப் பொடி நுரையீரலுக்கு விஷம். பையில் போட்டு மூடிவிடுங்கள்.

ஓர மடிப்பின் வடிவமும் சுரத்தை மாற்றும். ஜேபிஎல்லில் 2440 அரைவட்ட மடிப்பு, அலுமினியம். 2441 அதே அலுமினியம், வைர வடிவ மடிப்பு. 2445 டைட்டானியம், வைர மடிப்பு. மூன்று டயஃப்ரமும் ஒன்றுக்கொன்று பொருந்தும். உலோகம் மாறாமல் மடிப்பை மட்டும் மாற்றியபோதே உச்சம் எவ்வளவு நீண்டது என்று கேட்டவர்கள் மடிப்பை அலங்காரம் என்று சொல்ல மாட்டார்கள்.

என் கருத்து, ஜோடியில் இரண்டும் ஒரே நாளில் ஒரே வகை. மிச்சமிருக்கும் அசல் அலுமினியத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஜூன் 22

நேற்று எழுதியதில் ஒரு அவசரம் இருக்கிறது. நன்றாக ஓடும் அசல் டயஃப்ரத்தைக் கழற்றச் சொல்வது எளிது, கழற்றும்போது கம்பி முறிந்தால் போயிற்று. காயில் அலுமினியம், கம்பியும் பெரும்பாலும் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. பல வருடம் அதிர்ந்த கம்பி முனையத்துக்குப் பக்கத்தில் பழைய காகிதம் போல நொய்ந்திருக்கும். ஆகவே கழற்றாதீர்கள். கிழிந்ததற்கே அதே மாதிரி அலுமினிய டயஃப்ரம் ஒன்று தேடுங்கள். கிடைக்கும்வரை டைட்டானியம் ஓடட்டும். முந்தைய குறிப்பில் ஃபோமை மாற்றச் சொன்னேனே, அதற்குப் பின்மூடியை மட்டும் திறந்தால் போதும்.

ஜூன் 26

இரண்டையும் ஒப்பிட ஒரு அளவை கேட்டீர்கள். ஆம்புக்கும் டிரைவருக்கும் நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். ஆம்ப் ஒரு வோல்ட். இப்போது ஏறக்குறைய ஒரு மில்லிஆம்பியர் ஓடும், டிரைவர் முனைகளில் எத்தனை மில்லிவோல்ட்டோ கிட்டத்தட்ட அத்தனை ஓம். 300-இலிருந்து 1500 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏற்றி எழுதுங்கள். ஒரு இடத்தில் மலை மாதிரி ஏறி இறங்கும், அதுதான் ஒத்ததிர்வு. நன்றாக உட்கார்ந்த டயஃப்ரத்துக்கு அந்த மலை கூராக இருக்கும். எங்கோ லேசாக உரசினால் மலை மொட்டையாகும், காது பிடிக்காத உரசலும் இதில் தெரியும். பல மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது. எண்ணை நம்பாவிட்டாலும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட உதவும்.

மலையின் உச்சியைச் சுற்றி 20 ஹெர்ட்ஸ் படி, மற்ற இடத்தில் 100 போதும்.

ஜூன் 30

உங்கள் எண்களைத் தாளில் வரைந்து பார்த்தேன். பழையது, புதியது இரண்டுக்கும் கூரான மலை. டைட்டானியத்தின் மலை சற்றுத் தள்ளி நிற்கிறது, வேறு டயஃப்ரம் என்பதால் அது எதிர்பார்த்ததுதான்.

பெட்டியில் போடுவதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது துருவம். மாற்று டயஃப்ரம் செய்பவர்கள் எல்லாரும் காயிலை ஒரே திசையில் சுற்றுவதில்லை. பழைய ஜேபிஎல்களில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் வூஃபர் கூம்பு உள்ளே போகும், மற்றவர்கள் வழக்கத்துக்கு நேர் எதிர். அதனால் முனையத்தின் நிறத்தை நம்பாதீர்கள். இரண்டு டிரைவரையும் வாயோடு வாய் பார்க்க, ஒரு விரல் இடைவெளியில் வைத்து, ஒரே 500 ஹெர்ட்ஸைக் குறைந்த ஒலியில் இரண்டுக்கும் கொடுங்கள். ஒன்றின் கம்பியை மாற்றிப் பாருங்கள். எந்த இணைப்பில் ஒலி ஓங்கி வருகிறதோ அது ஒத்த துருவம். ஒலி சுருங்கிப் போனால் ஒன்று இழுக்கும்போது இன்னொன்று தள்ளுகிறது.

இரண்டாவது, தொடராக ஒரு கெப்பாசிட்டர். ஆம்பை அணைக்கும்போது வரும் ஒரு ‘தட்’ போதும், இத்தனை நாள் வேலையை முடித்துவிடும். உங்கள் 16 ஓமுக்கு 20 மைக்ரோஃபாரட் போட்டால் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டும். நீங்கள் 1200-இல் பிரிப்பதால் கேட்கும் ஒலியில் பெரிய வேறுபாடு இருக்காது. எலெக்ட்ரோலிட்டிக் வேண்டாம், ஃபிலிம் வகை.

ஜூலை 3

வாயோடு வாய் வைத்ததில் ஒலி சுருங்கியதாம். புது டயஃப்ரம் எதிர்த் துருவம். டிரைவரின் உள்ளே கம்பியை மாற்றாதீர்கள், காயில் கம்பியை வீணாக இன்னொருமுறை வளைக்க வேண்டாம். வெளிமுனையத்தில் மாற்றிக்கொண்டு, பின்மூடியின் உட்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்: டைட்டானியம், துருவம் எதிர், ஃபோம் தடிமன் இவ்வளவு. நான் திறக்கும் பழைய டிரைவர்களில் எப்போதாவது ஒன்றில் அப்படிப் பென்சில் எழுத்து இருக்கும். எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் எந்தத் திருகில் சிரமப்பட்டார் என்று தெரியும்.

ஜூலை 9

அரை மணி நேரம் ஓட்டியபின் மறுபடி 500 போட்டுக் கேட்டீர்களா? சூட்டில் சுத்தமா? அதை மட்டும் எழுதுங்கள். அந்தக் கீழ் ஸ்தாயிக் குரலையும்.